வளைவில் சுமப்பது யார்?
பழைய ஸ்போர்ட்ஸ் காரும் ஸ்டெபிலைசர் ராடும்

(கும்மிடிப்பூண்டியில் வாகனப் பட்டறைத் தொழிலாளர்கள், ஐ.டி.ஐ. மாணவர்கள், பழங்கார் ஆர்வலர்கள் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச வந்திருப்பது ஓர் எஃகுத் தண்டைப் பற்றி. இருபது மில்லிமீட்டர் சொச்சம் பருமன். ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். இரண்டு முனையும் மடங்கியிருக்கும். காருக்கு அடியில் படுத்துப் பார்த்தால்தான் கண்ணில் படும். பட்டறையில் நாம் ஸ்டெபிலைசர் ராடு என்கிறோம். வெளிநாட்டுக் கையேடுகளில் ஸ்வே பார் என்றோ ஆன்ட்டி ரோல் பார் என்றோ இருக்கும். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் முதலில் மாற்ற ஆசைப்படுகிற பொருள்களில் இதுவும் ஒன்று. எதைத் தேர்ந்தெடுப்பது? எப்படிப் பொருத்துவது? எந்த இடத்தில் பொருத்தவே கூடாது? இந்த மூன்று கேள்விகளுக்கும் இன்று விடை தேடுவோம்.

இதைக் கும்மிடிப்பூண்டியில் வந்து ஏன் பேச வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். இங்கே பேசாமல் வேறு எங்கே பேசுவது? சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வாருங்கள். செங்குன்றம் தாண்டினால் சோழவரம். அங்கே இருந்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் தனக்கென ஒரு பந்தயத் தடம் அமையும்வரை, அந்த ஓடுதளத்தில்தான் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. இந்திய மோட்டார் பந்தயம் வளர்ந்த மண் இந்தத் திருவள்ளூர் மாவட்டத்து மண்!

இன்னும் சொல்லட்டுமா? இதே மாவட்டத்தில் ஆவடி இருக்கிறது. அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பின்னாளில் அஜேயா என்று நாம் பெயரிட்ட டி-72 டாங்கியும் அங்கே உருவானது. அந்த டாங்கிகளின் சக்கரங்களைத் தாங்குவது எது? காயில் ஸ்பிரிங்கா? பட்டை ஸ்பிரிங்கா? இரண்டும் இல்லை. வயிற்றின் அடித்தளத்தில் குறுக்கே கிடக்கிற எஃகுத் தண்டுகள். தண்டு முறுக்கிக்கொள்ளும், மறுபடி திரும்பும். டன் கணக்கான எடையை அந்த முறுக்கு தாங்குகிறது. நாம் இன்று பேசும் சின்னத் தண்டும் அதே குடும்பம்தான். அதே ஆவடியில்தான் டியூப் புராடக்ட்ஸ் நிறுவனம் வாகனங்களுக்கான துல்லியக் குழாய்களை இழுக்கிறது. திருவள்ளூரை அடுத்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் கார்கள் உருவாயின. இந்தக் கும்மிடிப்பூண்டியில் எஃகை உருக்கி உருட்டும் ஆலைகள் எத்தனை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எஃகு இங்கே, குழாய் இங்கே, பந்தயத்தின் பழைய தடமும் இங்கே. ஆகவே இது நம் வீட்டுப் பேச்சு.

சரி, எந்தக் காரை எடுத்துக்கொண்டு பேசுவது? நம் ஊர்க் காரையே எடுத்துக்கொள்வோம். மெட்ராஸில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைச் செய்தது. இங்கிலாந்தில் 1959-இல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் அதன் மூலம். இத்தாலியக் கலைஞர் ஜொவான்னி மிக்கெலொட்டி அதற்கு உருவம் தந்தார். அந்த ஹெரால்டின் சேசிஸை நீளத்தில் குறுக்கி, மேலே இரண்டு பேர் உட்காரும் திறந்த உடலை வைத்தார்கள். 1962-இல் வந்த அந்தக் கார்தான் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். உலகம் முழுவதும் கொண்டாடப்படும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒன்று. நம் அப்பாக்கள் ஓட்டிய ஹெரால்டும், இங்கிலாந்தின் ஸ்பிட்ஃபயரும் ஒரே எலும்புக்கூட்டில் பிறந்தவை. ஸ்பிட்ஃபயருக்குச் சொல்லும் பாடம் ஹெரால்டுக்கும் பொருந்தும். ஹெரால்டில் கற்றது ஸ்பிட்ஃபயருக்கும் உதவும்.

இப்போது அடிப்படைக்கு வருவோம். இந்தத் தண்டு என்ன செய்கிறது?

ஈர வேட்டியைப் பிழிவதை நினைத்துப் பாருங்கள். ஆளுக்கொரு முனையைப் பிடித்து இருவர் நிற்கிறார்கள். இரண்டு முனையும் ஒரே பக்கமாகச் சுழன்றால் வேட்டி அப்படியே உருளும், ஒரு சொட்டுத் தண்ணீரும் வராது. ஆளுக்கு ஒரு பக்கமாகச் சுழற்றினால்தான் முறுக்கு ஏறும். ஸ்டெபிலைசர் ராடின் வேலையும் இதுதான். அதன் நடுப்பகுதியை இரண்டு புஷ்களும் கிளாம்புகளும் சேசிஸோடு பிடித்திருக்கின்றன. இரண்டு முனைகளும் லிங்க் ராடு வழியாக இடது, வலது சக்கரங்களின் கைகளோடு சேர்ந்திருக்கின்றன. சாலையின் குறுக்கே போட்ட வேகத்தடையில் ஏறுகிறீர்கள். இரண்டு சக்கரமும் ஒன்றாக உயரும், தண்டு சும்மா உருளும். வளைவில் திரும்புகிறீர்கள். ஒரு பக்கம் அமுங்கும், மறு பக்கம் எழும். அப்போது தண்டு முறுக்கிக்கொள்ளும். முறுக்கை எதிர்க்கும். அந்த எதிர்ப்பில் காரின் சாய்வு குறையும்.

இவ்வளவுதானா? சாய்வு குறைந்தால் போதுமா? இங்கேதான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். “சாய்வு குறைந்தது, ஆகவே பிடிப்பு கூடியது” என்று எண்ணுகிறார்கள். அன்பர்களே, தண்டு பிடிப்பைக் கூட்டுவதில்லை. தண்டு சுமையைப் பங்கிடுகிறது. இன்றைய பேச்சில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். தண்டு பிடிப்பைக் கூட்டுவதில்லை, சுமையைப் பங்கிடுகிறது!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 800 கிலோ எடையுள்ள கார். எடை மையம் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். இடது, வலது சக்கரங்களுக்கு இடையே 125 சென்டிமீட்டர். புவியீர்ப்பில் பாதி அளவுக்குப் பக்கவிசை எழும்படி வளைகிறது. 800-இல் பாதி 400. அதை 50-ஆல் பெருக்கி 125-ஆல் வகுத்தால் 160. அதாவது உள்பக்கச் சக்கரங்களிலிருந்து 160 கிலோ சுமை வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. மெல்லிய ராடு போட்டால்? ஏறத்தாழ 160. தடித்த ராடு போட்டால்? அப்போதும் ஏறத்தாழ 160. ராடையே கழற்றி மூலையில் வைத்துவிட்டால்? அப்போதும் அதே 160.

பிறகு எது மாறுகிறது? அந்த 160 கிலோவில் முன் ஆக்சில் எவ்வளவு சுமக்கிறது, பின் ஆக்சில் எவ்வளவு சுமக்கிறது என்ற பங்கு மாறுகிறது. முன்னால் தடித்த ராடு போட்டால் முன் ஆக்சிலின் பங்கு கூடும், பின் ஆக்சிலின் பங்கு குறையும். பின்னால் தடித்ததைப் போட்டால் நேர்மாறு.

பங்கு மாறினால் என்ன? டயரின் குணம் ஒன்று உண்டு. சுமை இரட்டித்தால் அதன் பிடிப்பு இரட்டிப்பதில்லை, அதற்குக் குறைவாகவே கூடும். ஆகவே ஒரு ஆக்சிலில் இடதுக்கும் வலதுக்கும் சுமை எவ்வளவு ஏற்றத்தாழ்வாக இருக்கிறதோ, அந்த ஜோடியின் மொத்தப் பிடிப்பு அவ்வளவு குறையும். முன் ஆக்சில் அதிகம் சுமந்தால் முன்பக்கம் முதலில் நழுவும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் வளைவுக்கு வெளியே போகும். பின் ஆக்சில் அதிகம் சுமந்தால் பின்பக்கம் முதலில் நழுவும். வால் வீசிக்கொண்டு கார் சுழலும். பழகிய ஓட்டுநருக்குக்கூட இரண்டாவது ஆபத்து பெரியது. சாலையில் ஓடும் காருக்கு முன்பக்கம் சற்று முந்தி நழுவுவதே பாதுகாப்பு.

இதைத் தெரிந்துகொண்டு நம் ஹெரால்டுக்குத் திரும்புவோம். ஹெரால்டின் முன்பக்கம் நல்ல வேலைப்பாடு. இரண்டு விஷ்போன், காயில் ஸ்பிரிங், ஒரு மெல்லிய ஸ்டெபிலைசர் ராடு. பின்பக்கம்? குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங். டிஃபரன்ஷியலிலிருந்து இரு பக்கமும் ஊஞ்சலாடும் அரை ஆக்சில்கள். இதை ஸ்விங் ஆக்சில் என்பார்கள். வேகமாக வளையும்போது, அதிலும் வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுக்கும்போது, பின்பக்கம் மேலே எழும். எழுந்தால் வெளிப்பக்கச் சக்கரத்தின் அடிப்பகுதி உள்ளே மடங்கும். மடங்கினால் டயரின் விளிம்பு மட்டுமே தரையில் நிற்கும். பிடிப்பு போய்விடும்.

இப்படிப்பட்ட காருக்கு ஒருவர் ஆசை ஆசையாய்ப் பின்பக்கத்துக்கு ஒரு தடித்த ராடு வாங்கிப் பொருத்துகிறார் என்று வையுங்கள். என்ன நடக்கும்? ஏற்கெனவே அதிகம் சுமக்கும் பின் ஆக்சிலின் தலையில் இன்னும் சுமை ஏறும். வால் இன்னும் சீக்கிரம் வீசும். காசு கொடுத்து ஆபத்தை வாங்கிய கதைதான்! ஸ்விங் ஆக்சில் காருக்குப் பின்பக்க ராடு வேண்டாம். முன்பக்க ராடைத்தான் தடிப்பாக்க வேண்டும். முன் ஆக்சில் கூடுதல் பங்கை எடுத்துக்கொண்டால் பின் ஆக்சிலின் பாரம் குறையும்.

இது நான் கண்டுபிடித்த மருந்து அல்ல. ட்ரையம்ஃப் நிறுவனமே செய்த மருத்துவம். 1970-இல் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4 காரில் அவர்கள் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கை மாற்றினார்கள். பட்டைகள் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்காமல், ஒன்றை மட்டும் இறுக்கி, மற்றவை நடுவில் ஆடும்படி விட்டார்கள். பின்பக்கத்தின் சாய்வு எதிர்ப்பு குறைந்தது. குறைந்ததை ஈடுகட்ட என்ன செய்தார்கள்? முன்பக்க ஸ்டெபிலைசர் ராடைத் தடிப்பாக்கினார்கள். பின்னால் தளர்த்தி, முன்னால் இறுக்கினார்கள். பங்கு மாறியது, கார் அடங்கியது. நம் மெட்ராஸ்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 1970-களின் தொடக்கத்தில் ஹெரால்டின் வாரிசாக வந்த ஸ்டாண்டர்டு கெஸல் காரில் ஊஞ்சல் ஆக்சிலையே எடுத்துவிட்டு ஒரே துண்டான ஆக்சிலை வைத்தார்கள். ஆகவே ஹெரால்டுக்கான அறிவுரையைக் கெஸலுக்கு அப்படியே சொல்ல முடியாது. பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அடியில் படுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்!

இந்தத் தண்டின் அருமையை உலகம் அறிந்துகொண்ட கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1960 மாடலாக ஷெவர்லே கோர்வேர் என்ற காரைக் கொண்டுவந்தது. எஞ்சின் பின்னால். பின் ஆக்சில் ஊஞ்சல் வகை. முன்பக்கத்தில் ஸ்டெபிலைசர் ராடு வழக்கமான பொருத்தமாகத் தரப்படவில்லை. 1965-இல் ரால்ஃப் நேடர் எழுதிய ‘அன்சேஃப் அட் எனி ஸ்பீட்’ என்ற புத்தகத்தின் முதல் அத்தியாயமே அந்தக் காரைப் பற்றியது. அந்த ராடை விட்டுவிட்டது அவருடைய முக்கியக் குற்றச்சாட்டுகளில் ஒன்று. அக்காலத்து மற்ற கார்களைவிட கோர்வேர் மோசமில்லை என்று 1972-இல் அமெரிக்க அரசின் ஆய்வு சொன்னது என்பதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் புத்தகம் வருவதற்கு முன்பே, 1964 மாடலிலேயே, நிறுவனம் என்ன செய்தது? முன்பக்க ராடை எல்லா கார்களிலும் பொருத்தியது. பின்னால் குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங்கைச் சேர்த்தது. ஒரு நாட்டின் சாலைப் பாதுகாப்பு விவாதத்தின் நடுவில் நின்றது, நாம் இன்று பேசுகிற இதே சின்னத் தண்டு!

இனி தேர்வுக்கு வருவோம். எவ்வளவு தடிப்பு?

முதலில், ராடு வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்பு நான்கு பொருள்களைப் பாருங்கள். டயர், ஷாக் அப்சார்பர், புஷ், பால் ஜாயின்ட். அறுபது வயதுக் காரில் காய்ந்து வெடித்த புஷ்களை வைத்துக்கொண்டு புது ராடு போடுவது வீண். ராடு முறுக்குவதற்கு முன்பே புஷ் நசுங்கிவிடும். பல கார்களில் பழைய ராடுக்குப் புது புஷ் மாற்றிய மறுநாளே, “அண்ணே, கார் வேற மாதிரி ஓடுது” என்று உரிமையாளர்கள் வந்து நிற்பார்கள். அவர்களுக்குப் புது ராடு தேவைப்படவே இல்லை.

அதன் பிறகும் வேண்டும் என்றால், இந்தக் கணக்கை மனத்தில் வையுங்கள். தண்டின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். விட்டம் பத்து விழுக்காடு கூடினால் விறைப்பு பத்து விழுக்காடு கூடாது, 46 விழுக்காடு கூடும். 18 மில்லிமீட்டர் ராடை எடுத்துவிட்டு 22 மில்லிமீட்டர் ராடு போடுகிறீர்கள். கையில் பிடித்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் விறைப்பு இரண்டே கால் மடங்கு ஆகிவிட்டது! “இன்னும் ரெண்டு நூல் பெருசா போடுங்க” என்று வாடிக்கையாளர் சொல்லும்போது, அவர் கேட்பது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மடங்கிய கையின் நீளமும் கணக்கில் வரும். கை குறுகினால் விறைப்பு கூடும், அதுவும் இரண்டாம் அடுக்கில். 200 மில்லிமீட்டர் கையை 180 ஆக்கினால் விறைப்பு ஏறத்தாழ 23 விழுக்காடு ஏறும். சில ராடுகளின் முனையில் இரண்டு மூன்று துளைகள் இருப்பதன் காரணம் இதுதான். நுனித் துளை மென்மை, உள்துளை விறைப்பு. முதலில் நுனித் துளையில் தொடங்குங்கள். இரண்டு பக்கமும் ஒரே துளையில் இருக்கட்டும்.

எடை குறைய வேண்டுமா? உள்ளே வெற்றிடமான குழாய் ராடு இருக்கிறது. 25 மில்லிமீட்டர் வெளிவிட்டம், 4 மில்லிமீட்டர் சுவர்த் தடிப்பு உள்ள குழாயை எடுத்துக்கொண்டால், அதன் எடை அதே பருமனுள்ள திடத் தண்டின் எடையில் பாதிக்குச் சற்று மேல். விறைப்போ ஐந்தில் நாலு பங்கு. ஏன்? முறுக்கைத் தாங்குவது பெரும்பாலும் வெளித்தோல். நடுவில் இருக்கும் எஃகுக்கு வேலை குறைவு.

இப்போது கும்மிடிப்பூண்டிக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டிய இடம். எஃகு எது?

“நம்ம ஊர்லதான் கம்பிக்குப் பஞ்சமே இல்லையே, ஒரு கட்டடக் கம்பியை வளைச்சுப் போட்டா என்ன?” என்று யாராவது கேட்கலாம். கூடாது. கூடவே கூடாது! ஆனால் ஏன் கூடாது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கட்டடக் கம்பி மென்மையானது, ஸ்பிரிங் எஃகு விறைப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஒரே அளவில் இருந்தால் இரண்டின் விறைப்பும் ஏறத்தாழ ஒன்றே. வித்தியாசம் திரும்பி வருவதில் இருக்கிறது. ஸ்பிரிங் எஃகை நன்றாக முறுக்கிவிட்டாலும் பழைய நிலைக்குத் திரும்பும். கட்டடக் கம்பி ஓர் எல்லையைத் தாண்டி முறுக்கினால் முறுக்கியபடியே நின்றுவிடும். அப்போது கார் நேர்ச்சாலையிலேயே ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். நிலநடுக்கத்தில் கட்டடம் முறியாமல் வளைந்து நிற்கத்தான் கட்டடக் கம்பி. ஆயிரம் தடவை முறுக்கி ஆயிரம் தடவையும் திரும்பி வரத்தான் ஸ்பிரிங் எஃகு. அதனதன் தொழில் அதனதனுக்கு.

பட்டறைகளில் ஈ.என். 45, ஈ.என். 47 என்று கேட்டு வாங்குகிறோமே, அவை ஸ்பிரிங் எஃகு வகைகள். சிலிக்கான் சேர்ந்தது ஒன்று, குரோமியமும் வனேடியமும் சேர்ந்தது மற்றொன்று. வாங்கி வளைத்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. வளைத்த பிறகு 850-லிருந்து 900 டிகிரி அளவுக்குச் சூடாக்கி எண்ணெயில் தோய்க்க வேண்டும். பிறகு 400 டிகிரிக்கு மேல் மறுபடி சூடாக்கிப் பதப்படுத்த வேண்டும். தோய்ப்பது கடினம் தரும், பதம் உறுதி தரும். பதப்படுத்தாத தண்டு கடினமாக இருக்கும், ஆனால் ஒடியும். இந்த வேலையைக் கண்ணளவில் செய்யாதீர்கள். வெப்பமானி உள்ள உலைக்காரரிடம் கொடுங்கள்.

முறிந்த ராடு ஒன்று கிடைத்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள், மாணவர்களே. முறிந்த முகத்தை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பகுதி வழவழப்பாக இருக்கும். அதில் வரி வரியாக வளைகோடுகள் தெரியும். மறு பகுதி மணல் மணலாகக் கரடாக இருக்கும். வளைகோடுகள் ஒரு புள்ளியைச் சுற்றி விரிந்திருக்கும். அந்தப் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். அங்கே ஒரு கீறல் இருக்கும், அல்லது ஒரு துருக் குழி, அல்லது யாரோ வைத்த வெல்டிங் பொட்டு. வழவழப்பான பகுதி மாதக் கணக்கில் மெல்ல மெல்லப் பிளந்தது. கரடான பகுதி ஒரே நொடியில் முறிந்தது. ஒரு கீறல் எப்படி ஒரு தண்டைக் கொல்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடப்புத்தகம் கிடையாது. ஆகவே ராடின் மேல் உளி வைக்காதீர்கள், கிரைண்டர் வைக்காதீர்கள், வெல்டிங் வைக்காதீர்கள். பெயின்ட் உரிந்தால் உடனே பூசுங்கள். எண்ணூர்ப் பக்கத்துக் கடற்காற்றில் துருவுக்குச் சொல்லியா தர வேண்டும்!

தேர்ந்தெடுத்தாயிற்று. இனி பொருத்துவோம்.

சமதரையில் காரை நிறுத்துங்கள். கழற்றுவதற்கு முன்பே நான்கு சக்கர வளைவுகளின் உயரத்தையும் தரையிலிருந்து அளந்து எழுதுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள், ஆக்சில் ஸ்டாண்டு கட்டாயம். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் தூக்கினால் ராடு முறுக்கேறி நிற்கும். அந்த நிலையில் லிங்க் போல்ட்டைக் கழற்றினால் கையில் அடிக்கும். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்கும்போதுதான் கழற்ற வேண்டும்.

புது ராடை ஏற்றியதும் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். இடது முனைக்கும் சேசிஸுக்கும் உள்ள தூரமும், வலது முனைக்கும் சேசிஸுக்கும் உள்ள தூரமும் ஒன்றாக இருக்க வேண்டும். புஷ்ஷுக்கு என்ன மசகு? ரப்பர் புஷ் என்றால் சாதாரண கிரீஸ் ஆகாது, ரப்பர் ஊறிப் பருத்துக் கெடும். பாலியூரித்தேன் புஷ் என்றால் சிலிக்கான் கிரீஸ் இட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் கத்தும். கிளாம்புகளைக் கையிறுக்கத்தில் விட்டுவைத்து, காரை இறக்கி, அது தன் காலில் நின்ற பிறகு இறுதியாக இறுக்குங்கள். லிங்க் ராடு, ராடின் கைக்கு ஏறத்தாழ செங்குத்தாக நிற்க வேண்டும்.

அடுத்தது மிக முக்கியம். கார் நேராக நிற்கும்போது ராடில் ஒரு துளி முறுக்கும் இருக்கக் கூடாது. எப்படித் தெரிந்துகொள்வது? ஓட்டுநர் இருக்கையில் ஓட்டுபவரையே உட்கார வையுங்கள். ஒரு பக்க லிங்க்கை முழுதாகப் பூட்டுங்கள். மறு பக்கப் போல்ட்டை இரண்டு விரலால் பிடித்துத் துளையில் நுழைத்துப் பாருங்கள். விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு நுழைய வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் லிங்க்கின் நீளம் சரியில்லை. நீளத்தைத் திருத்துங்கள், மறுபடி நுழைத்துப் பாருங்கள். அந்தப் போல்ட் விரலுக்கு இணங்கி நுழைகிற நொடிதான் வேலை சரியாக வந்ததற்குச் சாட்சி.

பிறகு ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். சஸ்பென்ஷனை முழுதாக அமுக்கியும் தொங்கவிட்டும் பாருங்கள். டயரிலோ, பிரேக் ஹோஸிலோ, ஆயில் சம்ப்பிலோ ராடு தொடுகிறதா? தொட்டால் அப்படியே விடாதீர்கள். நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா நட்டுகளையும் மறுபடி டார்க் ரெஞ்சில் சரிபாருங்கள்.

சேசிஸில் புதுத் துளை போடலாமா? பழங்கார் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2021-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த வாகனம், சேசிஸும் உடலும் எஞ்சினும் பெரிதாக மாற்றப்படாமல் மூல வடிவில் இருந்தால்தான் அந்தத் தகுதி பெறும். சேசிஸை வெட்டி ஒட்டிவிட்டு அந்தத் தகுதியை எதிர்பார்க்க முடியாது. ஆகவே ஏற்கெனவே உள்ள துளைகளில் போல்ட் போட்டு ஏற்றும் ராடே நல்லது. வேண்டும்போது கழற்றலாம், பழையதை மறுபடி மாட்டலாம். பழைய ராடை எண்ணெய் தடவிப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

இனி சோதனை. எங்கே? ஆறு சக்கர லாரியும் கன்டெய்னரும் ஓடும் நெடுஞ்சாலை சோதனைக்கூடம் அல்ல. அனுமதி பெற்ற மூடிய தடத்தில், மெதுவான வேகத்தில் தொடங்குங்கள். டயர் காற்றை ஒரே அளவில் வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். ராடையும் மாற்றி, ஸ்பிரிங்கையும் மாற்றி, டயரையும் மாற்றினால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று யாருக்குத் தெரியும்?

நம் சாலைகளையும் மனத்தில் வையுங்கள். குறுக்கே போட்ட வேகத்தடையில் ராடு தூங்கும், ஒரு பக்கப் பள்ளத்தில் விழித்துக்கொள்ளும். இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் தடித்த ராடு அந்த அதிர்ச்சியை வலது சக்கரத்துக்கும் கொண்டுபோகும். கார் தலையை ஆட்டும். மழைக்காலத்தில் பள்ளம் நிறைந்த சாலையில் ஓடும் காருக்குப் பந்தயத் தடத்தின் தடிப்பு தேவையில்லை. பந்தயத்துக்குப் பந்தய ராடு, சாலைக்குச் சாலை ராடு.

அன்பர்களே, தொகுத்துச் சொல்கிறேன். எந்த ஆக்சில் சுமக்கிறது என்று பாருங்கள், பிறகு ராடைத் தேடுங்கள். ஸ்விங் ஆக்சில் காருக்கு முன்பக்கம் மட்டும் போடுங்கள். தடிப்பை ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். எஃகு ஸ்பிரிங் எஃகாக இருக்கட்டும், பதம் உலையில் நடக்கட்டும், போல்ட் விரலால் நுழையட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வெளிநாட்டில் ஒரு ஸ்பிட்ஃபயருக்கு எத்தனை மில்லிமீட்டர் ராடு ஏற்றது என்று புத்தகங்கள் சொல்கின்றன. அவை அவர்கள் சாலைக்கு, அவர்கள் டயருக்கு எழுதியவை. நம் வெயிலுக்கும், நம் சாலைக்கும், நம் ஹெரால்டுக்கும் உரிய அளவை நாம்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு பட்டறையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். ராடின் விட்டம், கையின் நீளம், புஷ் வகை, டயர் காற்று, வளைவில் எந்தப் பக்கம் முதலில் நழுவியது என்று எழுதுங்கள். ஐ.டி.ஐ. மாணவர்கள் அதைப் படித்துக் கணக்குப் போடட்டும். டாங்கிக்குத் தண்டு பூட்டத் தெரிந்த மாவட்டம் இது. ஒரு பழைய காரின் தண்டுக்கு அளவு சொல்ல நம்மால் முடியாதா? முடியும்!

நாளைக்கே ஒருவர் உங்கள் பட்டறைக்கு வந்து, “அண்ணே, இருக்கிறதுலயே பெரிய ராடா போட்டு விடுங்க” என்பார். கடைக்கு ஆள் அனுப்பாதீர்கள். அவருடைய காரைத் தூக்குங்கள், அடியில் போய்ப் பின் ஆக்சிலைப் பாருங்கள், புஷ்களை அசைத்துப் பாருங்கள், அளவை எடுத்து நோட்டில் எழுதுங்கள். எவ்வளவு தடிப்பு என்பதை அதன் பிறகு நீங்கள் அவருக்குச் சொல்லுங்கள்.